எலும்பு நலம் (தொடர்): முதுகுவலிக்குக் கால்சியம் மருந்தாகுமா?

எலும்புப்புரை வலிக்காது. எலும்பின் உட்புறப் பின்னல் மெலிந்து, அடர்த்தி ஆண்டுக்காண்டு குறைந்தாலும் உடம்பு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. வலிப்பது முறிவுதான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ, குனிந்து நிமிரும்போதோ, சில சமயம் பலமாக இருமும்போதோ ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிடுகிறது. முதுகின் நடுப்பகுதியில் திடீரென்று பிடிக்கும் அந்த வலி நின்றால் கூடும், படுத்தால் தணியும். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அடங்கும். முள்ளெலும்பு நசுங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது நடந்ததே தெரியாது. உயரம் குறைவதும் கூன் விழுவதும்தான் பிறகு காட்டிக்கொடுக்கின்றன. இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

முதுகுவலியோடு வருபவர்களில் மிகப் பலருக்கு இந்த முறிவு இருப்பதில்லை. தசைப்பிடிப்பு, வட்டு விலகல், மூட்டுத் தேய்வு ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இவற்றில் எதற்கும் கால்சியம் மாத்திரை மருந்தாகாது. ஆனாலும் முதுகுவலி என்று சொன்னதும் மருந்துக்கடையில் முதலில் கைக்கு வருவது அந்த அட்டைதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தால் எலும்பில் சுண்ணாம்பு சரியாகப் படியாமல் எலும்பு மென்மையாகிவிடும். இது எலும்புப்புரையிலிருந்து வேறான நோய், இது வலிக்கும். இடுப்பு, கீழ்முதுகு, தொடை என்று பரவலாக வலி இருக்கும். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. வெயில் கொட்டும் ஊர்களிலும் இது அரிதல்ல. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் கழியும் நாட்கள், உடலை மூடும் உடை, கூடுதல் நேரம் வெயில் கேட்கும் கருமை நிறத் தோல் எல்லாம் சேர்ந்து குறையை உண்டாக்குகின்றன. இந்த நோயாளிக்கு மட்டும் வைட்டமின் டி வலியையே போக்கும். ரத்தப் பரிசோதனை செய்தால் கண்டுபிடித்துவிடலாம்.

இனி உணவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மி.கி. கால்சியமும் தேவை. அரிசியையே மையமாகக் கொண்ட சாப்பாட்டில் இதில் பாதிகூடத் தேறுவது கடினம். ஒரு டம்ளர் பாலில் (150 மி.லி.) ஏறக்குறைய 180 மி.கி. கிடைக்கும். கேழ்வரகு மாவு 50 கிராமிலும் அதே அளவு. முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல் இருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி நல்ல மூலம். எள்ளில் கால்சியம் ஏராளம். ஆனால் உண்ணும் அளவோ ஒரு கரண்டிப் பொடிதான்.

பட்டியலில் உள்ள எண் முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. பாலின் கால்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்படுகிறது. பசலை வகைக் கீரைகளில் ஆக்சலேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இருபதில் ஒரு பங்குதான் தேறும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் அன்றாடம் இலையில் விழும் வீடுகள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். காபியைக் குறைசொல்லத் தேவையில்லை: அதனால் ஏற்படும் சிறு இழப்பை அதில் ஊற்றும் பாலே ஈடுகட்டிவிடும். பிரண்டைத் துவையலுக்கு எலும்பு மருந்து என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன என்றாலும், மனிதரிடம் எலும்பு முறிவைத் தடுப்பதாக உறுதியான சான்று இல்லை. துவையலாகச் சாப்பிடத் தடையில்லை. சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

கால்சியத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குப் புரதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எலும்பின் கனஅளவில் ஏறக்குறைய பாதி புரதம். கீழே விழாமல் தாங்கும் தசைக்கும் அதுவே ஆதாரம். பல் போனதும் வயதானவர்கள் கஞ்சிக்கும் ரசம் சாதத்துக்கும் ஒதுங்கிவிடுவதால் முதலில் குறைவது புரதம்தான். ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வு இங்கே முக்கியமானது. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றை மட்டும் கூட்டினார்கள். அந்த இல்லங்களில் எலும்பு முறிவுகள் மூன்றில் ஒரு பங்கும், இடுப்பெலும்பு முறிவுகள் 46 விழுக்காடும் குறைந்தன. மாத்திரை எதுவும் கூடுதலாகக் கொடுக்கவில்லை.

மாத்திரைகளின் கதை இவ்வளவு நேரானதல்ல. 1992-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் சராசரி வயது 84 உள்ள 3,270 மூதாட்டியருக்கு 1,200 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். பதினெட்டு மாதங்களில் இடுப்பெலும்பு முறிவு 43 விழுக்காடு குறைந்தது. அவர்களில் பலருக்கு இரண்டு சத்துமே குறைவாக இருந்தன. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 36,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஏறக்குறைய ஏழாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். உணவிலேயே போதிய கால்சியம் பெற்றுவந்த அவர்களுக்கு மாத்திரையால் முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 விழுக்காடு கூடியது. வைட்டமின் டி-யைத் தனியாக, நாளுக்கு 2,000 யூனிட் கொடுத்த மற்றோர் அமெரிக்க ஆய்வும் முறிவு குறையவில்லை என்றே 2022-இல் காட்டியது. குறையுள்ளவருக்குப் பயன் கிடைக்கிறது, நிறைந்திருப்பவருக்குக் கூடுதலாக ஒன்றுமில்லை என்றே இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அளவு மீறினால் தீங்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்தபோது, அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அதிகரித்தன (2010). நம் ஊரில் தரப்படும் 60,000 யூனிட் மருந்து வழக்கமாக வாரம் ஒன்று என எட்டு வாரங்களுக்கு. சீட்டில் எழுதியதைத் தாண்டி மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ, தினமும் ஒன்று விழுங்கினாலோ ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

கால்சியம் மாத்திரை தேவைப்பட்டால், உணவில் விடுபடும் அளவுக்கு மட்டும் போதும். ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் குடல் சரியாக ஏற்காது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். சிட்ரேட் வகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

முள்ளெலும்பு ஏற்கெனவே நசுங்கியவருக்கும், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-மதிப்பு (T-score) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே உள்ளவருக்கும் உணவும் சத்து மாத்திரையும் மட்டும் போதாது. அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் அடுத்த முள்ளெலும்பு முறிவை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கின்றன. வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு இதை விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பாலோ காபியோ கால்சியம் மாத்திரையோ சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாது. ஆண்டுக்கொரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமில ஊசிக்கு முன்பு வைட்டமின் டி அளவைப் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகலாம். காய்ச்சல், உடல் மெலிவு, கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க முடியாமை இவற்றில் ஒன்று முதுகுவலியோடு வந்தாலும், காசநோயோ புற்றுநோயோ நரம்பு நசுங்கலோ இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.