மூடுபனிக்குள் ஒரு காரணம்

திகிலின் திணைகள் – 9: நீலகிரி

பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980-இல் வந்தது. ஒளிப்பதிவும் அவரே. இளையராஜாவுக்கு நூறாவது படம். கொலைகாரன் சந்துரு, ரேகாவைக் கடத்தி வந்து ஊட்டி பங்களா ஒன்றில் வைத்திருக்கிறான். சந்துருவாக வரும் பிரதாப் போத்தனும் ரேகாவாக வரும் ஷோபாவும் அந்த வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் சாதாரணப் பேச்சுகூட வயிற்றைப் பிசைகிறது. வெளியே சாம்பல் வெளிச்சம். கத்தினாலும் கேட்க ஆள் இல்லை.

பிறகு சந்துருவின் பால்யம் வருகிறது. அம்மாவை வதைத்த அப்பா, விலைமாதர் மீது மகனுக்கு வளர்ந்த வெறுப்பு. அந்த நிமிடமே பயத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. அவன்மேல் நமக்கு இரக்கம் வந்துவிடுகிறதே! 1960-இல் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ கடைசியில் மனநல மருத்துவர் வந்து விளக்கும்போதும் எனக்கு இதே ஏமாற்றம்தான்.

2002-இல் வந்த ‘ராஸ்’ என்ற இந்திப் படத்தின் நிலைமை இன்னும் மோசம். அங்கேயும் ஊட்டிதான். ஆவிக்குக் காரணம் காதல் துரோகம். கதையை அப்படியே சிம்லாவுக்குக் கொண்டுபோனாலும் ஒன்றும் குறையாது.

அப்படியானால் வில்லனுக்குக் காரணமே சொல்லக் கூடாதா? சொல்லலாம். 1973-இல் வந்த ஆங்கிலப் படம் ‘தி விக்கர் மேன்’ பாருங்கள். அதில் ஒரு தீவில் ஆப்பிள் விளைச்சல் பொய்த்துவிட்டது. அதற்கு ஒரு போலீஸ்காரரைப் பலி கொடுக்கிறார்கள். காரணத்தைப் பட்டப்பகலில் வாய்விட்டே சொல்கிறார்கள், பயமோ கூடிக்கொண்டே போகிறது. தனி ஒருவனின் காரணம் அவனோடு முடியும். ஊரே நம்பும் காரணத்திடமிருந்து எந்தப் பக்கம் ஓடுவது?

நீலகிரிக்கு அப்படி ஒரு நிஜக் கதை உண்டு. மலைச்சரிவில், மற்றவர்கள் மலேரியாவுக்கு அஞ்சி ஒதுங்கிய காடுகளில் வாழ்ந்தவர்கள் குறும்பர்கள். மேட்டு ஊர்களில் முதல் விதை தூவ அவர்களைத்தான் அழைத்தார்கள். சூனியம் வைப்பவர்கள் என்று அஞ்சியதும் அவர்களைத்தான். ஊரில் நோய் வந்தால், மாடு செத்தால், பழி குறும்பன் தலையில். 1835-இல் இந்தச் சந்தேகத்தால் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதாக டபிள்யூ. பிரான்சிஸ் 1908-இல் தொகுத்த நீலகிரி கெசட்டியர் பதிவு செய்திருக்கிறது. 1875-இலும் 1882-இலும் மறுபடி கொலைகள்.

கொன்றவர்களிடம் கேட்டிருந்தால், பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றினோம் என்றே சொல்லியிருப்பார்கள். அதை அவர்கள் முழுமனதாக நம்பியிருப்பார்கள் என்பதுதான் என்னை நடுங்க வைக்கிறது. விதைக்கக் கூப்பிட்ட அதே கை!

இதைப் படமாக எடுக்க வருபவரிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்பேன். மந்திரவாதிக் குறும்பனாக ஒருவரைப் பனிக்குள்ளிருந்து நடந்துவர வைத்துவிடாதீர்கள். அது பழைய பழியைத் திரும்பச் சுமத்துவதாகும். கேமராவைக் குறும்பர் குடிசைக்குள் வையுங்கள். அங்கிருந்து ஊரைக் காட்டுங்கள்.