ஒப்பனைக்கு ஏற்ற கருவி

ஒப்பனை என்றதும் வண்ணங்களையே பலரும் நினைப்பர். அவற்றை முகத்தில் இடும் கருவியை நினைப்பவர் சிலரே. நல்ல வண்ணமும் பொருந்தாத கருவியாற் கெட்டுவிடும். இவ்வுண்மையைக் கேரளத்துக் கதகளி ஒப்பனையிற் காணலாம்.

கதகளி நடிகர் முதலில் தாமே முகத்திற்கு வண்ணம் இடுவர். கன்னம் போன்ற அகன்ற பகுதிகளுக்கு விரலே கருவி. விரலின் வெம்மையால் எண்ணெயிற் குழைத்த வண்ணம் இளகிச் சீராகப் பரவும். புருவத்தையும் கண்ணோரத்தையும் தீட்டுவதற்குத் தென்னை ஈர்க்குப் பயன்படுகிறது. அதன் நுனியை வேண்டிய அளவிற்குச் சீவிக்கொள்ளலாம். அது விறைப்பாகவும் நின்று, சற்றே வளைந்தும் கொடுக்கும். ஆதலால் மெல்லிய கோடும் தடித்த கோடும் அதற்கு எளிது.

அடுத்தது சுட்டி. நடிகர் பாயில் மல்லாந்து படுத்திருக்க, அதற்கெனப் பயின்ற கலைஞர் தாடையோரமாக அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்ந்த பசையை இட்டு வெண்விளிம்பு அமைப்பார். முற்காலத்தில் விளிம்பு முழுவதும் பசையாலேயே எழுப்பப்பட்டது. பின்னர் வெட்டிய தாளை அப்பசையில் ஒட்டும் வழக்கம் வந்தது. 1930இல் நிறுவப்பெற்ற கேரள கலாமண்டலத்திற் சுட்டி தனிப்பாடமாகவே கற்பிக்கப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரபாகப் பயன்படும் மஞ்சள் நிற மனயோலையில் ஆர்சனிக்கும், சிவந்த சாதிலிங்கத்திற் பாதரசமும் உள்ளன. இரண்டும் நச்சுப் பொருள்கள். இவற்றைச் சிறுவர் முகத்தில் இடுதல் ஆகாது. கூரிய ஈர்க்கும் தேர்ந்த கைக்கே உரியது; பழகாதவர் கையில் அது கண்ணுக்கு ஊறு செய்யும்.

பாடசாலைக் கலைவிழாக்களில் ஒரே மைத்தூரிகை பத்துப் பிள்ளைகளின் கண்களைத் தொடுவதுண்டு. ஒரு பிள்ளைக்குக் கண்ணோய் இருப்பின், அது ஏனையோர்க்கும் தொற்றிவிடும். எனவே கண்ணுக்கு மென்மயிர்த் தூரிகையைத் தெரிந்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தல் வேண்டும். பவுடருக்குரிய பஞ்சையும் அவ்வாறே பிரித்துக் கொடுக்கலாம். தூரிகைகளைச் சவர்க்காரத்தாற் கழுவி, நன்கு உலர்த்திய பின்பே எடுத்துவைத்தல் வேண்டும். மயிர் உதிர்வதும் தோலை உறுத்துவதும் எத்துணை விலையுயர்ந்ததாயினும் விலக்கத்தக்கது.

இடும் வண்ணம் யாது, இடும் இடம் யாது, இடும் கை யாருடையது என்னும் மூன்றையும் ஆராய்ந்தபின் கருவியைத் தெரிதல் வேண்டும். விலை அதன்பின் எண்ணத்தக்கது. மேடையில் ஓரிரவு தோன்றும் அழகுக்காக ஒரு பிள்ளையின் கண் வருந்தலாகாது.