50 டாலருக்கு விற்றால் கைக்கு வருவது எவ்வளவு? ஆன்லைனில் வெளிநாட்டுக்கு சேலை விற்பவர்கள் கவனத்துக்கு!

மதுரை:

மதுரை சுங்குடி சேலை, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, சென்னிமலை போர்வை... ஒரு காலத்தில் ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் பெட்டியில் வைத்து கொண்டு போன சரக்கு இது. இப்போது வீட்டில் இருந்தபடியே செல்போனில் படம் எடுத்து போட்டு சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று விற்கிறார்கள். பல வீடுகளில் பெண்களே இந்த வியாபாரத்தை கவனிக்கிறார்கள்.

ஆர்டர் வருகிறது. பார்சலும் போய் சேருகிறது. ஆனால் பேங்க் கணக்கில் விழும் பணத்தை பார்த்தால்தான் பகீர் என்கிறது. "50 டாலருக்கு வித்துச்சே, 4 ஆயிரத்து 500 வரணுமே, 4 ஆயிரத்து சொச்சம்தானே வந்திருக்கு?" என்று முழிக்க வேண்டியதாகிறது. மீதி பணத்தை யாரும் திருடவில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு 'சுங்கச்சாவடி'யிலும் கொஞ்சம் கொஞ்சமாக கழிகிறது.

50 டாலர் சேலை: கணக்கு என்ன?

ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். 50 டாலர் என்றால் ரூ.4,500. பணத்தை வாங்கி தரும் நிறுவனம் 4.4 சதவீதமும், அதற்கு மேல் ஒரு ஆர்டருக்கு 30 சென்டும் எடுக்கிறது. டாலரை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையில் 4 சதவீதம் குறைத்து கொடுக்கிறது. இப்படி இருந்தால் கழிவது எவ்வளவு?

* 4.4 சதவீத கட்டணம் - ரூ.198

* 30 சென்ட் நிலையான கட்டணம் - ரூ.27

* இந்த இரண்டின் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி. - ரூ.40.50

* மாற்று விலையில் குறைவது - சுமார் ரூ.169

மொத்தம் சுமார் ரூ.435 போய் விடுகிறது. கைக்கு வருவது ரூ.4,065தான். நெய்கூலி, சாயம், முடிச்சு கட்டும் கூலி, தபால் செலவு எல்லாம் போக அந்த சேலையில் 600 ரூபாய் லாபம் என்று கணக்கு போட்டிருந்தால், உண்மையில் மிஞ்சுவது 165 ரூபாய். ராத்திரி பகலாக உழைத்தவருக்கு டீ செலவுக்குத்தான் அது காணும்!

கண்ணுக்கு தெரியாத கட்டணம்

இதில் முதல் மூன்றும் கட்டண பட்டியலில் தெளிவாக இருக்கும். நாலாவதுதான் வில்லங்கம். 'மாற்று கட்டணம் கிடையாது' என்று விளம்பரம் செய்துவிட்டு, 90 ரூபாய் டாலரை 86 ரூபாய் 40 காசுக்கு எடுத்து கொள்ளலாம். பட்டியலில் கட்டணம் பூஜ்யம் என்றே இருக்கும். ஆனால் சேலைக்கு 169 ரூபாய் போயிருக்கும்.

இதை கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். பணம் மாறிய நாளில் கட்டணம் போக எத்தனை டாலர் மிஞ்சியது என்று பாருங்கள். வந்த ரூபாயை அந்த டாலரால் வகுங்கள். அதுதான் உங்களுக்கு கிடைத்த விலை. அன்றைய சந்தை விலையுடன் அதை ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டு விடும். இந்திய ரிசர்வ் வங்கிக்கு பதிலாக எப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு 2018 ஜூலை முதல் டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றின் குறிப்பு விலையை வேலை நாட்களில் வெளியிட்டு வருகிறது.

சின்ன பொருளுக்கு பெரிய அடி

நிலையான 30 சென்ட், விலை குறைந்த பொருளில்தான் அதிகம் கடிக்கும். 50 டாலர் சேலையில் வரி இல்லாமல் கட்டணம் 5 சதவீதம். அதே கணக்கில் 5 டாலர் வளையலுக்கு 10.4 சதவீதம்! அதனால் வளையல், கம்மல் விற்பவர்கள் மூன்று, நான்கை சேர்த்து 'செட்'டாக விற்பதே புத்திசாலித்தனம்.

எட்சி போன்ற வெளிநாட்டு சந்தை தளங்களில் கடை போட்டால் இன்னொரு செலவும் உண்டு. ஒரு பொருளை நான்கு மாதம் பட்டியலில் வைக்க 20 சென்ட். விற்றால் 6.5 சதவீதம். வாடிக்கையாளரிடம் வாங்கும் தபால் செலவுக்கும் சேர்த்தே இந்த 6.5 சதவீதம் பிடிக்கப்படும். இது தவிர பணம் வாங்கி தரும் கட்டணம் தனி.

பேங்க் வழியாக வந்தால்?

வெளிநாட்டு பேங்கில் இருந்து நேராக அனுப்பினால் சதவீத கட்டணம் இல்லை. ஆனால் அனுப்பும் பேங்க், நடுவில் உள்ள பேங்க், நம்ம ஊர் பேங்க் என்று மூன்று இடத்திலும் கட்டணம் பிடிக்கலாம். ஆயிரம் டாலருக்கு இது லாபம். ஒற்றை சேலைக்கு கட்டுப்படி ஆகாது.

பேங்கில் டாலரை மாற்றும்போது ஜி.எஸ்.டி.யும் உண்டு. 25 ஆயிரம் ரூபாய் வரை மாற்றினால் குறைந்தபட்ச வரி ரூ.45. ஐந்து தடவை தனித்தனியாக வந்தால் 225 ரூபாய். ஒரே தடவையில் 25 ஆயிரம் வந்தால் 45 ரூபாயோடு போச்சு.

எந்த டாலர்?

வெறுமனே '50 டாலர்' என்று போட்டுவிட்டு வம்பில் மாட்டி கொள்பவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் டாலர், சிங்கப்பூரிலும் டாலர், ஆஸ்திரேலியாவிலும் டாலர். மூன்றுக்கும் மதிப்பு வேறு வேறு. எந்த நாட்டு டாலர் என்று விலை பக்கத்திலேயே எழுதி விட வேண்டும். வாங்குபவரின் பேங்க் தன் பங்குக்கு வெளிநாட்டு பரிவர்த்தனை கட்டணம் பிடித்தால், அதற்கும் கடைக்காரரிடமே சண்டைக்கு வருவார்கள். அதையும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

* விலை வைக்கும்போதே கட்டணத்தை சேருங்கள். மேலே சொன்ன கணக்கில் முழுசாக ரூ.4,500 வேண்டும் என்றால் 56 டாலராவது விலை வைக்க வேண்டும்.

* எல்லை தாண்டிய பணத்தை வாங்கி தரும் நிறுவனங்களை 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தன் நேரடி கட்டுப்பாட்டில் கொண்டு வந்தது. அனுமதி பெற்ற நிறுவனமா என்று பார்த்து சேருங்கள். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பண பரிமாற்றத்தை நிறுத்தி விட்டது. வெளிநாட்டு பணத்துக்கு மட்டுமே பயன்படும்.

* சேலையை திருப்பி அனுப்பினால், வாங்கிய கட்டணம் திரும்ப கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. அதனால் அளவு, நிறம், துணி விவரத்தை தெளிவாக எழுதுங்கள்.

* வெளிநாட்டு பணம் வந்ததற்கான பேங்க் சான்றை பத்திரமாக வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் கட்டணத்தில் கட்டிய வரியை திரும்ப பெறவும் வழி உண்டு. ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இரண்டு நிறுவனங்களில் எது மேல் என்று குழப்பமா? கட்டண சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். '50 டாலர் வந்தால் என் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?' என்ற ஒரே கேள்வியை இருவரிடமும் கேளுங்கள். எது அதிகமோ அதுதான் உங்களுக்கு லாபம்.