கலைசார் உயர்நிலைப் பள்ளியில் விருப்பப் பாடங்கள்: நியூயார்க் லாகார்டியா பள்ளியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பொதுப் பள்ளிகளில் இசையும் ஓவியமும் பெரும்பாலும் விருப்பப் பாடங்களாகவே இடம்பெறுகின்றன. கலைசார் உயர்நிலைப் பள்ளிகளில் அவையே கட்டாயப் பாடங்களாகின்றன. அவ்வாறாயின் அத்தகைய பள்ளியில் ‘விருப்பப் பாடம்’ என்னும் சொல் எதைக் குறிக்கும் என்பதே இக்கட்டுரையின் வினா. நியூயார்க் நகரின் லாகார்டியா கலைப்பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விருப்பப் பாட முறையின் வரலாறு, அதன் வகைகள், பட்ட விதிகளும் பாடவேளைகளும் அதற்கு விடும் இடம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலைக்கல்வி, விருப்பப் பாடம், மதிப்பலகு, பாடவேளை, லாகார்டியா பள்ளி.

முன்னுரை

கல்வியியலில் ‘விருப்பப் பாடம்’ என்பது மாணவர் தாமே தெரிந்தெடுக்கும் பாடத்தைக் குறிக்கும். இதனைத் ‘தெரிவுப் பாடம்’ என்று வழங்குவதும் உண்டு. இவ்விரு சொற்களுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு உள்ளது. விருப்பம் மாணவரின் உள்ளம் சார்ந்தது. தெரிவோ முன்வைக்கப்பட்ட சிலவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளும் செயலாகும். எவை முன்வைக்கப்படுகின்றன, அவற்றுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பவற்றை முடிவு செய்வது பள்ளியும் அரசு விதிகளுமே ஆகும். எனவே விருப்பப் பாடங்களை ஆராய்வது, ஒரு பள்ளி எதனை இன்றியமையாததாகவும் எதனைத் தவிர்க்கத்தக்கதாகவும் கருதுகிறது என்பதை ஆராய்வதாகவும் அமைகிறது. கலைப்பள்ளியில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது.

விருப்பப் பாட முறையின் வரலாறு

அமெரிக்கக் கல்வியில் விருப்பப் பாட முறை வேரூன்றியதற்கு முதன்மைக் காரணமானவர் சார்லஸ் எலியட் ஆவார். 1869 முதல் 1909 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த அவர், அங்கிருந்த கட்டாயப் பாடங்களைப் படிப்படியாகக் குறைத்து மாணவரின் தெரிவுக்கு வழிவகுத்தார்.

அதே எலியட்டின் தலைமையில் 1892-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பதின்மர் குழு, உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை ஒழுங்குபடுத்த முனைந்தது. இலத்தீன், கிரேக்கம், ஆங்கிலம், பிற நவீன மொழிகள், கணிதம், இயற்பியலும் வேதியியலும், உயிரியல், வரலாறு, புவியியல் என ஒன்பது துறைகளுக்கு அக்குழு தனித்தனிக் கருத்தரங்குகளை அமைத்தது. அவ்வொன்பதில் இசைக்கோ ஓவியத்திற்கோ தனித்த இடம் இல்லை. 1918-ஆம் ஆண்டு வெளிவந்த இடைநிலைக் கல்விக் கோட்பாடுகள் பற்றிய அறிக்கை கல்வியின் நோக்கங்களாக ஏழினை வகுத்தது. அவற்றுள் ஒன்றான ‘ஓய்வு நேரத்தைத் தகவுறப் பயன்படுத்துதல்’ என்னும் நோக்கத்தின்கீழ்தான் கலைகள் பேசப்பட்டன.

இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பள்ளிப் பாடத்திட்டத்தின் மையம் கலைகளுக்கு இடமளிக்காத நிலையில், அவை விருப்பப் பாடம் என்னும் ஓரத்து வாயிலின் வழியாகவே பள்ளிக்குள் நுழைந்தன. பொதுப் பள்ளியில் ‘விருப்பப் பாடம்’ என்றதும் இசையும் ஓவியமும் நினைவுக்கு வருவதற்கு இவ்வரலாறே அடிப்படை எனலாம்.

இரு பள்ளிகள், இரு நோக்குகள்

இந்நிலையைத் தலைகீழாக மாற்றிய முயற்சிகளுள் நியூயார்க் நகரின் முயற்சி குறிப்பிடத்தக்கது. அந்நகர மேயர் ஃபியொரெல்லோ லாகார்டியா 1936-ஆம் ஆண்டு இசை மற்றும் ஓவிய உயர்நிலைப் பள்ளியை நிறுவினார். மன்ஹாட்டனின் கான்வென்ட் அவென்யூவில் அமைந்த அப்பள்ளி, கட்டணமில்லா அரசுப் பள்ளியாகும். கலைத்திறன் வாய்ந்த மாணவர் முழுமையான பொதுக்கல்வியோடு கலையையும் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

1940-களின் பிற்பகுதியில் நடனம், நாடகம் முதலிய நிகழ்த்துகலைகளுக்கென மற்றொரு பள்ளி தோன்றியது. இது ஒரு தொழிற்கல்விப் பள்ளியின் கிளையாகத் தொடங்கப்பட்டது என்பது கருதத்தக்கது. மேடையைத் தொழிலாகக் கொள்வோரை உருவாக்குவது அதன் நோக்கம். 1980-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபேம்’ திரைப்படத்திற்குக் களமானது இப்பள்ளியே. இவ்விரு பள்ளிகளும் 1961-இல் நிர்வாக அளவில் இணைக்கப்பட்டன. 1984-இல் லிங்கன் கலை மையத்தின் அருகே ஒரே கட்டடத்தில் ஒன்றாயின. நிறுவனரின் பெயரைத் தாங்கிய இன்றைய லாகார்டியா பள்ளி இதுவேயாகும்.

ஆகவே இப்பள்ளி இரு மரபுகளின் சேர்க்கையாக விளங்குகிறது. ஒன்று கலையைப் பொதுக்கல்வியின் பகுதியாகக் கண்டது. மற்றொன்று கலையைத் தொழிலாகக் கண்டது. விருப்பப் பாடங்கள் எதற்காக என்னும் வினாவுக்கு இவ்விரு மரபுகளும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. கலையைப் பொதுக்கல்வியாகக் கருதுவோர்க்கு விருப்பப் பாடம் பார்வையை விரிவாக்குவது. தொழிலாகக் கருதுவோர்க்கு அது திறனை ஆழப்படுத்துவது.

முதல் தெரிவும் அதன் சுமையும்

1971-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் நகரின் மூன்று அறிவியல்சார் பள்ளிகளுக்கு எழுத்துவழி நுழைவுத் தேர்வைக் கட்டாயமாக்கியபோது, கலைப்பள்ளியை அதிலிருந்து விலக்கியது. இங்குச் சேர்க்கை திறனறித் தேர்வின் வழி நிகழ்கிறது. பெரும்பாலோர் எட்டாம் வகுப்பில் பயிலும்போதே இத்தேர்வுக்கு அணியமாகின்றனர். நடனம், நாடகம், வாய்ப்பாட்டு, கருவியிசை, ஓவியம், மேடைத் தொழில்நுட்பம் எனத் துறைக்கேற்ப அத்தேர்வு வேறுபடும்.

இதன் விளைவைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். கலைப்பள்ளி மாணவர் தம் கல்வியின் மிகப்பெரிய தெரிவைப் பள்ளிக்குள் நுழையும் முன்னரே, பதின்மூன்று அல்லது பதினான்கு வயதில் செய்துவிடுகின்றனர். ஒரு துறைக்கான திறனறிதலில் பெற்ற இடம் அத்துறைக்கே உரியது என்பதால், பின்னர் மனம் மாறினாலும் துறை மாறுவது எளிதன்று. நுழைந்தபின் அவர் தெரிந்தெடுக்க எஞ்சுவன விருப்பப் பாடங்கள் மட்டுமே. எனவே பிற பள்ளிகளைவிடக் கலைப்பள்ளியில் விருப்பப் பாடத்தின் பொறுப்பு மிகுதி. இளமையில் செய்த முடிவை உறுதிப்படுத்தவும், திருத்திக்கொள்ளவும், வேறொன்றைத் தொட்டுப் பார்க்கவும் மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதுவேயாகும்.

விருப்பப் பாடங்களின் வகைகள்

கலைப்பள்ளிகளில் காணப்படும் விருப்பப் பாடங்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, துறைக்குள் அமையும் விருப்பப் பாடம். ஓவிய மாணவர் தொடக்க ஆண்டுகளில் கோட்டோவியம், வண்ணம் முதலிய அடிப்படைகளைக் கட்டாயமாகக் கற்பர். அதன்பின் சிற்பம், மட்பாண்டக் கலை, அச்சோவியம், ஒளிப்படம் போன்றவற்றுள் தமக்கு இயைந்ததைத் தெரிந்துகொள்வர். வாய்ப்பாட்டு மாணவர்க்கு ஓப்ரா பயிலரங்கும், கருவியிசை மாணவர்க்கு ஜாஸ் குழுவும் சிற்றிசைக் குழுவும் இவ்வாறு அமைகின்றன. இவற்றுள் பல மறுபடியும் திறனறிதலுக்கு உட்பட்டவை. மாணவர் விரும்பினால் மட்டும் போதாது. ஆசிரியரும் அவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஆதலின் இவற்றை இருவழித் தெரிவு என்பது பொருந்தும்.

இரண்டாவது, துறை கடந்த விருப்பப் பாடம். பாடகர் விசைப்பலகை பயில்வதும், நடன மாணவர் மேடை ஒளியமைப்பைக் கற்பதும், நாடக மாணவர் ஒளிப்படக் கலையை அறிவதும் இதன்பாற்படும். ஒரு மேடை நிகழ்வு பல கலைகளின் கூட்டுப்படைப்பு என்பதால் இவ்வகைப் பாடத்தின் பயன் தெளிவானது. ஆயினும் நடைமுறையில் இதுவே அரிதாகக் கிடைப்பது. ஒவ்வொரு துறையின் வகுப்புகளும் தொடர்ந்த பல பாடவேளைகளாக அமைவதால், இரு துறைகளின் கால அட்டவணைகள் ஒன்றோடொன்று பொருந்துவது கடினம்.

மூன்றாவது, கல்வித்துறை சார்ந்த விருப்பப் பாடம். நுண்கணிதம், உளவியல், படைப்பிலக்கியம் போன்றனவும், கல்லூரி நிலைக்கு ஒப்பான முன்னேற்றப் பாடங்களும் இவ்வகையின. முன்னேற்றப் பாடங்களுள் இசைக் கோட்பாடு, கலை வரலாறு, ஓவிய வடிவமைப்பு ஆகியன இரு கரைகளையும் இணைக்கும் பாலங்களாகத் திகழ்கின்றன. ஓவிய வடிவமைப்பில் எழுத்துத் தேர்வுக்கு மாறாக மாணவரின் படைப்புத் தொகுப்பே மதிப்பிடப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

மதிப்பலகுக் கணக்கு

விருப்பப் பாடங்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் உள்ளது என்பதைக் கணக்கிட்டுக் காண்பது தேவையாகிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் பட்டம் பெற 44 மதிப்பலகுகள் வேண்டும். ஒரு மதிப்பலகு என்பது 54 மணி நேரக் கற்பித்தலைக் குறிக்கும். அதாவது ஒரு பருவம் முழுதும் நாளும் ஒரு பாடவேளை எனக் கொள்ளலாம். 44 மதிப்பலகுகளின் பகுப்பு வருமாறு: ஆங்கிலம் 8, சமூக அறிவியல் 8, கணிதம் 6, அறிவியல் 6, பிறமொழி 2, கலை 2, உடற்கல்வி 4, உடல்நலக் கல்வி 1, விருப்பப் பாடம் 7.

பொது மாணவர்க்குக் கலையும் விருப்பப் பாடமும் சேர்ந்து 9 மதிப்பலகுகள். இவை நீங்கலாக எஞ்சும் 35 மதிப்பலகுகள் கலைப்பள்ளி மாணவர்க்கும் கட்டாயமே. கலைப்பள்ளி என்பதால் அவற்றில் தளர்வு இல்லை.

இனி ஒரு மாதிரிக் கணக்கை அமைப்போம். நாளொன்றுக்கு 8 கற்பித்தல் பாடவேளைகள் எனவும், நான்கு ஆண்டுகளில் 8 பருவங்கள் எனவும் கொண்டால் மொத்தம் 64 இடங்கள் கிடைக்கும். கலைத்துறைக்கு நாளும் 3 பாடவேளைகள் எனின் அதற்கு 24 இடங்கள் செல்லும். கட்டாயப் பாடங்களுக்கு 35 இடங்கள். இரண்டும் சேர்ந்து 59. எஞ்சுவன 5 இடங்களே.

கல்லூரிச் சேர்க்கையைக் கருதும் மாணவர் கணிதத்தையும் அறிவியலையும் நான்காம் ஆண்டிலும் தொடர விரும்பினால் 4 இடங்கள் தேவை. மேல்நிலைச் சிறப்புக் குறிப்புடைய ரீஜென்ட்ஸ் பட்டத்திற்குப் பிறமொழியில் 2-க்கு மாறாக 6 மதிப்பலகுகள் வேண்டும் என்பதால் மேலும் 4 இடங்கள் தேவை. ஆக 8. இருப்பதோ 5. இங்குத்தான் ஒரு விதிவிலக்கு துணை செய்கிறது. கலையில் 10 மதிப்பலகுகள் கொண்ட தொடர்படிப்பை முடித்தவர் அக்கூடுதல் மொழிப்படிப்பிலிருந்து விலக்குப் பெறலாம். விலக்கைப் பயன்படுத்தினால் தேவை 4 ஆகக் குறையும்; எஞ்சுவது ஒரே ஓர் இடம்.

இக்கணக்கு உணர்த்துவது யாது? நான்கு ஆண்டுக் கல்வியில் தம் துறைக்கு வெளியே முழு உரிமையோடு தெரிந்தெடுக்க அம்மாணவர்க்கு ஒரு பருவத்தின் ஒரு பாடவேளை மட்டுமே மிஞ்சுகிறது. அந்த ஓரிடமும் மொழிக்கல்வியைக் குறைத்துப் பெற்றதாகும். பாடவேளைகளின் எண்ணிக்கை பள்ளிக்குப் பள்ளி மாறலாம். ஆயினும் நெருக்கடியின் இயல்பு மாறுவதில்லை.

முரண்பாடு வெளிப்பட்ட தருணம்

இந்நெருக்கடி கருத்தளவில் மட்டும் நிற்கவில்லை. 2019-ஆம் ஆண்டு லாகார்டியா பள்ளி மாணவர்கள் பள்ளி வளாகத்துள் அமர்ந்து அறப்போராட்டம் நடத்தினர். கல்விப் பாடங்களுக்கும் முன்னேற்றப் பாடங்களுக்கும் அளிக்கப்படும் அழுத்தம் கலைப்பயிற்சியைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது அவர்களின் முறையீடு. கலைத்திறனால் சேர்ந்தவர்கள் கல்வியிலும் பின்தங்கலாகாது என்னும் எதிர்வாதத்தையும் புறந்தள்ள இயலாது. பள்ளியை விட்டு வெளியேறும் அனைவரும் கலைஞர்களாவதில்லை. வேறு வாழ்க்கையை நாடுவோர்க்குக் கல்விப் பாடங்களே கைகொடுக்கும்.

இரு தரப்பினரும் கோரியது ஒன்றையே என்பது கூர்ந்து நோக்கினால் விளங்கும். அது நேரம். ஒரு முன்னேற்றப் பாடத்தைச் சேர்த்தால் ஓர் ஒத்திகை குறைகிறது. ஒத்திகையைச் சேர்த்தால் ஓர் அறிவியல் வகுப்பு குறைகிறது. இரண்டையும் காக்க முனையும்போது முதலில் மறைவது துறை கடந்த விருப்பப் பாடமே. அதற்காகப் பரிந்துபேசும் துறை எதுவும் இல்லை என்பதே காரணம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பொதுப் பள்ளியில் விருப்பப் பாடமாக ஓரத்தில் நின்ற கலை, கலைப்பள்ளியில் கட்டாயமாகி மையத்திற்கு வந்தது. ஆயினும் மையத்தில் முன்பிருந்தவை விலகவில்லை. ஆதலின் கலைக்கு இடமளிக்க விருப்பப் பாடத்தின் இடமே விட்டுக்கொடுக்கப்பட்டது. துறைக்குள் அமையும் விருப்பப் பாடங்கள் உண்மையில் துறைப்பயிற்சியின் நீட்சிகளே. கல்வித்துறை சார்ந்தவை கல்லூரிச் சேர்க்கையின் அழுத்தத்தால் பாதி கட்டாயமானவை. முழுமையான பொருளில் விருப்பத்திற்கு உரியவை துறை கடந்த பாடங்கள் மட்டுமே. அவற்றுக்கே மிகக் குறைந்த இடம் உள்ளது.

ஒரு பள்ளியின் விருப்பப் பாடப் பட்டியல் நீளமாக இருப்பதைக் கொண்டு அங்குத் தெரிவுரிமை மிகுதி என முடிவு செய்தல் பொருந்தாது. மாணவர் ஒருவரின் கால அட்டவணையில் கட்டாயங்கள் அனைத்தும் நிரம்பியபின் எத்தனை பாடவேளைகள் எஞ்சுகின்றன என்பதே சரியான அளவுகோலாகும். ஒவ்வொரு மாணவர்க்கும் தம் துறைக்கு வெளியே ஒரு பாடவேளையையேனும் விதியின்வழி உறுதிசெய்வது, பதின்மூன்று வயதில் தெரிவு செய்தவர்க்குப் பள்ளி ஆற்ற வேண்டிய கடமை எனலாம். கலைப்பள்ளிகளைத் தொடங்கவோ சீரமைக்கவோ முனைவோர் பாடப் பட்டியலை வகுக்கும் முன்னர் இக்கணக்கை முதலில் இட்டுப் பார்ப்பது நலம் பயக்கும்.