தோட்டத்து டுரோனும் இராணுவக் கொள்முதலும்

சென்ற தவணை விடுமுறையில் ஜெராமுக்குச் சென்றிருந்தேன். இளஞ்செம்பனைக் கன்றுகளுக்கு மேலே ஒரு டுரோன் மருந்து தெளித்துக்கொண்டிருந்தது. அதே தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர் என் பெரியப்பா. அண்ணாந்து பார்த்தவாறே கேட்டார்: "ஏன் தம்பி, காசு கொடுத்தா கடையில கெடைக்கிற சாமான்தானே இது? ராணுவமும் இதையே வாங்கிக்கலாமே? எதுக்கு மில்லியன் கணக்குல செலவு பண்ணிக்கிட்டு வருசக்கணக்கா காத்திருக்காங்க?"

பொறியியல் பயிலும் எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பின்னர்த் தேடிப் படித்தேன். அதையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

இராணுவம் ஒரு கருவியை வாங்குமுன் அதன் எடை, வேகம், பறக்கும் உயரம் என ஒவ்வொன்றையும் எழுதிவைக்கிறது. பிறகு டெண்டர், சோதனை, பேரம், ஒப்பந்தம். இதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். முப்பது ஆண்டுகள் உழைக்கும் போர்க்கப்பலுக்கு இம்முறை பொருந்தலாம். ஆனால் டுரோனும் மென்பொருளும் ஈராண்டில் பழசாகிவிடுகின்றன. மேலும், முன் அனுபவமும் பெரிய வருமானமும் கேட்கும் டெண்டரில் ஐந்தாறு பட்டதாரிகள் தொடங்கிய நிறுவனம் நுழையவே முடியாது.

அப்படியானால் கடைப்பொருளையே வாங்கிவிடலாமா? 2022-இல் தொடங்கிய உக்ரைன் போரில் இரு தரப்பினரும் கடையில் விற்கும் டுரோன்களைக் கொண்டு வேவு பார்த்தனர். அவற்றைத் தயாரித்த சீன நிறுவனமான டிஜேஐ, அவ்வாண்டு ஏப்ரலில் இரு நாடுகளிலும் விற்பனையை நிறுத்திவைத்தது. எதிரி வானலையை முடக்கினால் சாதாரண டுரோன் வழி தவறும். அது எடுக்கும் படம் பிறர் கைக்கும் போகலாம். ஆக, கடைத் தொழில்நுட்பம் வேண்டும். ஆனால் அதைப் போர்க்களத்திற்கேற்ப மாற்றித் தர உள்நாட்டு ஆள்களும் வேண்டும்.

இதற்கு இந்தியா கண்ட வழி 'ஐடெக்ஸ்' திட்டம். 2018 ஏப்ரலில், சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் அது தொடங்கப்பட்டது. இதில் படைகள் "இன்ன கருவி கொடு" என்று கேட்பதில்லை. "எங்களுக்கு இன்ன சிக்கல்" என்று முன்வைக்கின்றன. தேர்வு பெறும் சிறு நிறுவனம் மாதிரிக் கருவி செய்ய மானியம் பெறும்; தொடக்கத்தில் அது 1.5 கோடி ரூபாய் வரை இருந்தது. தன் பங்கையும் அது போட வேண்டும்.

இங்குதான் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. மாதிரிக் கருவி வென்றுவிடும், கைதட்டலும் கிடைக்கும், கொள்முதல் ஆணை மட்டும் வராது. சம்பளம் கொடுக்க வழியின்றி நிறுவனம் முடங்கிவிடும். எனவேதான், 2020-இல் வெளியான இந்தியாவின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையில், ஐடெக்ஸ் வழி உருவான பொருளை வாங்குவதற்கும் இடமளிக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் எனும் இளம் நிறுவனம் டுரோன் எதிர்ப்புக் கருவியை இத்திட்டத்தின்வழி உருவாக்கியது. தரைப்படையிடமிருந்தும் விமானப்படையிடமிருந்தும் அதற்கு 200 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆணை கிடைத்ததாக 2024-இல் செய்தி வந்தது. பரிசை விட ஆணையே பெரிது என்பதற்கு இது சான்று.

அப்படியென்றால் விதிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. நம் நாட்டுக் கடற்படைக்காக ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள் கட்டும் திட்டத்தில் 600 கோடி ரிங்கிட் கொடுக்கப்பட்டும் ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் அறிவித்தது. அது நம் பெற்றோரின் வரிப்பணமுந்தான். சிறு தொகை, குறுகிய காலம், நேர்மையான சோதனை, தேறினால் ஆணை, தேறாவிட்டால் அத்துடன் நிறுத்தம். இவ்வகையில் விரைவும் கணக்கும் ஒருங்கே நடக்க முடியும்.

இவற்றைப் பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மாத்திச் செய்யறதுக்கு நம்ம புள்ளைங்களும் இருக்கணும்ல?" என்றார்.

தோட்டத்தில் டுரோன் ஓட்டும் நம் இளைஞர்களுக்கு அதன் இறக்கையும் மின்கலனும் அத்துப்படி. அக்கைத்திறனோடு மின்னணுவியலும் கணினியியலும் சேர வேண்டும். அதைச் சேர்க்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தில் பயிலும் நாமல்லவா?