தோல் வறள்வது ஏன்?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் விடுதியில் ஒரு விளையாட்டுத் தொடங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளை எழுத்து விழும். அதில் பெயர் எழுதுவோம், கணக்குக்கூடப் போட்டிருக்கிறோம்! இந்தக் கரும்பலகை நமக்கு எப்படிக் கிடைக்கிறது?

நம் தோலின் வெளிப்படலம் உயிரற்ற செல்கள் அடுக்கடுக்காய் அமைந்த ஒரு சுவர். செல்கள் செங்கல் என்றால், அவற்றிடையே உள்ள கொழுப்பே சாந்து. உடலின் நீர் வெளியேறாமல் காப்பது இச்சுவரே ஆகும். அடியில் பிறக்கும் புதிய செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. நாள்தோறும் நம் கண்ணுக்குத் தெரியாமலே செல்கள் உதிர்கின்றன. காற்றில் ஈரம் குறைந்தாலோ, சாந்து கரைந்தாலோ மேற்படலம் காய்ந்துவிடுகிறது. அப்போது செல்கள் தனித்தனியே உதிராமல், ஒன்றோடொன்று ஒட்டிப் பொருக்காய் உரிகின்றன. அதுவே அந்த வெள்ளை.

சாந்தைக் கரைப்பது யார்? பெரும்பாலும் நாமேதான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், காரமான சோப்பு, போதாக்குறைக்குப் பீர்க்கங்கூடு! அழுக்கு என்று எண்ணித் தேய்க்கத் தேய்க்க வறட்சி கூடுமேயன்றிக் குறையாது.

சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோமே, போதாதா என்று கேட்கலாம். தேய்த்த எண்ணெயில் பெரும்பகுதியைச் சீயக்காய் கொண்டுபோய்விடுகிறதே! எண்ணெய் தோலுக்கு நீர் தருவதில்லை. உள்ள நீரைப் போகவிடாமல் மூடி வைக்கிறது. ஆகவே குளித்தவுடன் துண்டால் ஒற்றி, ஈரம் முழுதும் காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். நாங்கள் ஒரு வாரம் வலக்காலுக்கு மட்டும் தடவிப் பார்த்தோம். வலக்காலில் எழுத்து விழவில்லை. இடக்காலில் பளிச்சென்று விழுந்தது.

இவ்வளவும் நாங்கள் தெரிந்துகொண்டது ஒரு வருத்தமான நிகழ்ச்சிக்குப் பிறகுதான். விடுதியில் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தியின் கால்களில் ஆண்டு முழுவதும் செதில் செதிலாய் இருக்கும். 'மீன்' என்று சிலர் அழைத்தனர். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, உணவறையில் அவள் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம். அவள் த்ரோபால் ஆட வருவதையே நிறுத்திவிட்டாள்.

உடல்நலப் பரிசோதனைக்கு வந்த டாக்டர் அம்மா அவள் காலைத் தம் கையால் தடவிப் பார்த்தார். இது 'இக்தியோசிஸ்' என்றும், பெற்றோர் வழி வருவதென்றும், யாருக்கும் ஒட்டாது என்றும் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பெயரிலேயே மீனுக்கான கிரேக்கச் சொல் இருக்கிறதாம்! இதில் பரவலாகக் காணப்படும் வகைக்கு, ஃபிலாக்ரின் என்னும் தோல் புரதம் குறைவதே காரணம் என்று 2006-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அடியோடு மாற்ற மருந்து இல்லை. ஆயினும் நாள்தோறும் தடவினால், அதிலும் யூரியா கலந்த களிம்பை டாக்டர் சொன்னபடி தடவினால், செதில் மிகவும் குறையும். கோடையின் புழுக்கத்தில் தானாகவே தணிவதும் உண்டு.

எல்லா வறட்சிக்கும் எண்ணெய் போதும் என்று இருந்துவிடக் கூடாது. சிவந்து அரித்தாலோ, வெடித்து நீர் வடிந்தாலோ, வெளிறிய படையில் உணர்ச்சி இல்லாவிட்டாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கடைசியில் சொன்னது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கும் முழுமையாகக் குணமாக்கும் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

இக்கட்டுரையை அந்தத் தங்கையிடம் படித்துக் காட்டிய பிறகே ஆசிரியையிடம் கொடுத்தோம். "பெயர் மட்டும் போடாதீங்க அக்கா" என்றாள். பிறகு எங்கள் வாசலினை எடுத்துக்கொண்டு ஆட ஓடிவிட்டாள்.