ஒரு வீதியும் விடாமல்

சொந்த நகரத்தின் அத்தனை வீதிகளையும் ஓடி முடிப்பது என்று சில ஓட்டக்காரர்கள் இறங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் றிக்கி கேற்ஸ் 2018ஆம் ஆண்டின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோ முழுவதையும் 46 நாளில் ஓடினார். ஏறத்தாழ 2,100 கிலோமீற்றர். கால் பலம் இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது, கணக்கும் வேண்டும். அதை விளங்கிக்கொள்ளத் திருகோணமலை நல்ல இடம்.

பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் படுத்திருக்கும் மரநிழலைக் கடந்து, கோணேசர் கோயிலுக்கு ஏறுங்கள். அதற்கப்பால் பாறையும் கடலும்தான். வந்த வழியாலேயே திரும்ப வேண்டும். ஒரு வீதியை முடிக்க அதே வீதியை இரண்டு தரம் ஓடியாகிவிட்டது. குடாவுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் கிடக்கிற நகரம் என்பதால் கடலில் போய் முட்டும் ஒழுங்கைகளுக்கு இங்கே குறைவில்லை. ஒவ்வொன்றும் ஓட்டக்காரருக்கு இரட்டைத் தூரம்.

குச்சொழுங்கை மட்டுமல்ல, முச்சந்தியும் இதே வேலையைச் செய்யும். நாற்சந்திக்கு ஒரு வழியால் வந்து இன்னொன்றால் போகலாம். மறுபடி வந்தால் மிச்சமுள்ள வழியால் போகலாம். முச்சந்தியில் மூன்றாவது வழி தனித்து நிற்கும். 1736இல் கோனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலங்களை வைத்து ஒய்லர் கண்டது இதைத்தான்: ஒற்றைப்படையாக வழி பிரியும் இடங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், மிதித்த வழியை மீண்டும் மிதிக்காமல் முடிக்கவே முடியாது.

முடியாது என்றால், எவ்வளவு குறைவாக மீண்டும் மிதிக்கலாம்? சீனக் கணித அறிஞர் குவான் மெய்கு 1960இல் இதைத் தபாற்காரரின் கேள்வியாகக் கேட்டார். எல்லா வீதிக்கும் கடிதம் கொடுத்துவிட்டுத் தபாற்கந்தோருக்குத் திரும்பி வர மிகக் குறுகிய சுற்று எது? ஒற்றைப்படையாக வழி பிரியும் இடங்களை (குச்சொழுங்கையின் முனையும் இதில் சேரும்) சோடி சோடியாகச் சேர்த்து, அவற்றுக்கு இடையிலான வழிகளை மட்டும் இரண்டாம் தரம் நடக்க வேண்டும். எந்த ஊரிலும் அப்படிப்பட்ட இடங்கள் இரட்டை எண்ணிக்கையிலேயே இருக்கும் என்பதால் சோடி சேராமல் ஒன்றும் மிஞ்சாது. எதோடு எதைச் சேர்த்தால் தூரம் குறையும் என்பதில்தான் முழுச் சிக்கலும். கணினி அதை விரைவாகத் தீர்க்கும் முறையை எட்மன்ஸும் ஜோன்சனும் 1973இல் வெளியிட்டார்கள்.

இனி மூளை. லண்டன் டாக்சிச் சாரதிகள் அனுமதிப்பத்திரம் பெற ஏறத்தாழ 25,000 வீதிகளை மனதில் ஏற்ற வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய மூளையைப் படம் எடுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேறியவர்களிடம் மட்டும் ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதியின் பின்புறம் பெருத்திருந்தது, தேறாதவர்களிடம் மாற்றமில்லை. ஓட்டக்காரருக்கும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கைபேசி சொல்லத் திரும்புவது வேறு, சந்தியில் நின்று தானே யோசித்துத் திரும்புவது வேறு என்பது என் உறுதியான எண்ணம்.

வீதியெல்லாம் ஓடி முடிக்கும் இந்த விளையாட்டு திரியாய் போன்ற ஊருக்குத்தான் அதிகம் தேவை. திருகோணமலையிலிருந்து குச்சவெளியைத் தாண்டி, புல்மோட்டை வீதியோரம் இருக்கும் பழைய ஊர் இது. 1985இல் போர்க்காலத்தில் வீடுகள் எரிந்து சனம் இடம்பெயர்ந்தது. ஆளில்லாத ஊரில் மாரிக்கு மாரி பற்றை ஏறும்; வேலி விழும்; எது ஒழுங்கை, எது வளவு என்று தெரியாமல் போகும். எந்த ஒழுங்கை யாருடைய வளவடியால் போய் எந்தக் குளக்கட்டில் ஏறியது என்பது வயதானவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கும்.

ஓடிய வீதிகளுக்கு அடையாளமிடும் சிற்றிஸ்ட்ரைட்ஸ் போன்ற செயலிகள், ஓப்பின்ஸ்ட்ரீட்மப் என்ற திறந்த வரைபடத்தை நம்பியவை. 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தில் யாரும் காசில்லாமல் வழிகளைச் சேர்க்கலாம். அதில் இல்லாத ஒழுங்கையை எத்தனை தரம் ஓடினாலும் செயலி அதைக் கணக்கில் எடுக்காது.

ஆகவே திரியாயைச் சொந்த ஊராகக் கொண்ட பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெயில் ஏறும் முன் ஓடி முடியுங்கள். ஜிபிஎஸ் பதிவை வைத்து ஒழுங்கைகளை வரைபடத்தில் ஏற்றுங்கள். பெயர் தெரியாத இடத்தில் அப்பப்பாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே தமிழில் எழுதுங்கள்.